பதினேழு வளைவுகளும் ஒரு முப்பத்தொன்றாம் தேதியும்

அந்த மருத்துவமனையின் ஆறாம் எண் அறையில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவளைப் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, விடுங்க" என்பதை நாளொன்றுக்கு அறுபது தடவையாவது சொல்வாள். நாற்பத்தேழு வயதுவரை அவள் வாழ்க்கையில் வேகம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் எலும்பு டாக்டர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

வாங்கிய மூன்றாவது வாரம், சொந்த வீட்டு கேட்டிலேயே மோதிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு தன் ஆஸ்பத்திரிக்கே நோயாளியாக வந்து சேர்ந்தார். படம் எடுத்தவள் அக்கா. டாக்டரின் மனைவி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வண்டி வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டார். டாக்டர் பதில் சொல்ல இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே வண்டி மறுவாரம் கைமாறியது. வாங்கிக்கொண்டது அக்கா.

ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிணவறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் கற்றுக்கொண்டாள். அங்கே யார் விழுந்தாலும் பார்த்துச் சிரிக்க ஆள் கிடையாது. இரண்டு மாதத்தில் அவளுக்கு நன்றாகவே கைவந்தது. லைசென்ஸும் வந்தது.

ஊருக்குள் ஓட்டிப் பழகியதும் ஆசை மலைக்குத் தாவியது. ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் மலை. அதன் மேலே போகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வழுக்கி விழுந்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஆறாம் எண் அறைக்குத்தான் வருவார்கள். ஆகவே அக்கா மலையைப் பார்க்காமலேயே அதைப் பாதி அறிந்து வைத்திருந்தாள். இப்போது முறைப்படி விசாரிக்கவும் ஆரம்பித்தாள்.

"எந்த வளைவுல விழுந்தீங்க?"

"அய்யோ, கை வலிக்குதுங்க."

"கையை ஆட்டாதீங்க. எத்தனாவது வளைவு?"

"அஞ்சோ ஆறோ."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அஞ்சா, ஆறா?"

வீட்டில் அவள் கணவர் பெரிய வெள்ளைத் தாளில் மலைப்பாதையை வரைந்து கொடுத்திருந்தார். அவர் பள்ளியில் பூகோள வாத்தியார். உலகத்து மலைகளின் உயரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்தாலே குமட்டும் உடம்பு அவருக்கு. அந்தத் தாளில் அக்கா ஒவ்வொரு வளைவுக்கும் நேராக அங்கே உடைந்த எலும்பை எழுதி வைத்தாள். மூன்று, மணிக்கட்டு. ஆறு, முழங்கால் சில்லு. ஒன்பது, விலா இரண்டு. பதினொன்றாவது வளைவில் மட்டும் எழுத இடமே இல்லை. காறை எலும்பு, காறை எலும்பு, முழங்கை, மறுபடியும் காறை எலும்பு.

"பதினொண்ணுல அப்படி என்னதான் இருக்கு?" என்று வாத்தியார் கேட்டார்.

விசாரித்ததில் தெரிந்தது. அந்த வளைவில் திரும்பியதும் கீழே ஏரி தெரியுமாம். எல்லோரும் ஏரியைப் பார்த்துக்கொண்டே விழுந்திருக்கிறார்கள்.

திட்டம் இப்படி நன்றாக வளர்ந்துவந்த நேரத்தில் மழைக்காலத்தில் மலை சரிந்து பாதை மூடிவிட்டது. எட்டு மாதம் கழித்துத் திறந்தார்கள். திறக்கும்போது சும்மா திறக்கவில்லை, ஒன்பது விதிகளோடு திறந்தார்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் வண்டிகள் ஏறலாம், இரட்டைப்படைத் தேதிகளில் இறங்கலாம். கீழே செக்போஸ்ட் காலை ஆறுக்குத் திறந்து பத்துக்கு மூடிவிடும். இரு சக்கர வண்டி தனியாகப் போகக் கூடாது, குறைந்தது இரண்டு சேர்ந்து போக வேண்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நெஞ்சுப் படமும் டாக்டர் சான்றிதழும் வேண்டும். மேலே ஒரு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. பத்து நாளைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் மூன்று.

அக்கா அசரவில்லை. மாதக் கடைசி, முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, எக்ஸ்ரே இயந்திரத்துக்கு வருடாந்திரப் பராமரிப்பு. அறை இரண்டு நாள் மூடியிருக்கும். அன்று ஏறிவிட்டு மறுநாள் இறங்கிவிடலாம். இரண்டாவது வண்டியாக ஆம்புலன்ஸ் டிரைவர் வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, எனக்கு லீவு இல்லைன்னுட்டாங்க."

"ஏன்?"

"மலைப்பாதை தொறந்துட்டாங்கல்ல. இனிமே தினமும் எவனாவது விழுவான். பாதை தொறந்திருக்கற வரைக்கும் ஆம்புலன்ஸ்காரங்க யாருக்கும் லீவே கிடையாதாம்."

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அக்கா இன்னும் சாண்கூட ஏறவில்லை. தங்கை கணவரைக் கேட்டாள், முதுகுவலி என்றார். ஆய்வகத்துப் பெண்ணைக் கேட்டாள், மாமியார் விடமாட்டார் என்றாள். கடைசியில் வாத்தியாரே நெஞ்சை நிமிர்த்தி, "நான் ஓட்டக் கத்துக்கறேன்" என்றார். மைதானத்தில் முதலில் பின்சீட்டில் வைத்து ஒரு சுற்று சுற்றினாள். இரண்டாவது சுற்றில் அவர் தோளைத் தட்டினார். இறங்கிப் பிணவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அன்று காலை உண்ட எல்லாவற்றையும் பூமித்தாயிடமே ஒப்படைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார்.

நாத்தனார், வாத்தியாரின் அக்கா, ஐம்பத்து மூன்று வயது. ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். பாடப் புத்தகமோ கல்யாணப் பத்திரிகையோ, அவர் கண்ணைத் தாண்டாமல் அச்சுக்குப் போகாது. வேலையை அச்சகத்தோடு விட்டுவிட்டு வருகிறவரும் அல்ல. கைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். கல்யாணமான புதிதில் அக்கா எழுதிய மளிகைப் பட்டியலில் ஒற்றெழுத்து விட்டுப்போனதைத் திருத்தியவர், இருபத்தோரு வருடமாக நிறுத்தவில்லை. அவர் வருகிறார் என்றாலே அக்கா வீட்டில் எழுத்து இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து வைப்பாள்.

அன்று விதிகள் அச்சடித்த தாள் மட்டும் மேஜையில் கிடந்துவிட்டது. நாத்தனார் உட்காருவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டார்.

"'மழைப்பாதை விதிகள்.' மழையில எங்க பாதை இருக்கு? ல போடணும்." சிவப்புப் பேனா வெளியே வந்தது. "'தளைக்கவசம் கட்டாயம்.' தளைன்னா கால்விலங்கு. விலங்கு மாட்டிக்கிட்டா வண்டி ஓட்டணும்?"

"அண்ணி, காபி கொண்டு வரட்டுமா?" என்று அக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"இரு. நீங்க என்னிக்குப் போறதா இருந்தீங்க?"

"முப்பத்தொண்ணு ஏறி, ஒண்ணாம் தேதி இறங்கறதா," என்றார் வாத்தியார். "ஒரு நாள் ஏத்தம், ஒரு நாள் இறக்கம்."

நாத்தனார் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "பூகோளத்தோட கொஞ்சம் கணக்கும் படிச்சிருக்கலாம். முப்பத்தொண்ணு ஒத்தைப்படை. ஒண்ணு?"

வாத்தியார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டு நாளும் ஏத்தம்தான். மேல போனவங்க ரெண்டாம் தேதிதான் இறங்க முடியும். ஆனா அஞ்சாவது விதி ஒரு ராத்திரிக்கு மேல தங்கக் கூடாதுங்குது. இறங்கவும் கூடாது, இருக்கவும் கூடாது." அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். எழுத்துப் பிழை திருத்தும்போது இல்லாத ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"அதெல்லாம் இனிமே எதுக்கு அண்ணி," என்றாள் அக்கா. "கூட வர இன்னொரு வண்டி கிடைக்கல. போறதே இல்லைன்னு ஆயிடுச்சு."

நாத்தனார் பேனாவை மூடினார். "நான் வரேன்."

"எதுல?"

"வண்டியில. அச்சகத்து மோட்டார் சைக்கிள்ல."

நாத்தனார் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன் எடுத்தது, காலாவதியாகாமல் புதுப்பித்தும் இருந்தது. அச்சகத்தில் ஒருமுறை வேலைநிறுத்தம் நடந்தபோது, அச்சுப் பிரதிகளைப் பைண்டிங் கூடத்துக்குக் கொண்டுபோக ஆளில்லாமல் அவரே ஓட்டக் கற்றுக்கொண்டாராம். வேலைநிறுத்தம் மூன்று மாதத்தில் முடிந்தது. அவர் ஓட்டுவது முடியவில்லை. இன்றும் வாரம் இரண்டு தடவை ஊருக்கு வெளியே இருக்கும் பைண்டிங் கூடத்துக்குப் போய் வருகிறார்.

"எனக்குத் தெரியவே தெரியாதே அக்கா!" என்றார் வாத்தியார்.

"ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு யாருக்குத் தெரியும்? போன மாசம் சிக்னல்ல நடு ரோட்டுல நின்னுக்கிட்டு ஏதோ மேப் பாத்துட்டு இருந்தியே, ஒருத்தர் ஹாரன் அடிச்சுத் திட்டினாங்களா இல்லையா?"

"ஆமா, ரொம்பக் கேவலமா..."

"நான்தான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வண்டி கிடைத்தது நல்லதுதான். ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கப்போவது அண்ணி அல்லவா? மலை முழுக்கப் பிழை திருத்திக்கொண்டே வருவாரே. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சான்றிதழுக்காக நாத்தனார் ஆறாம் எண் அறைக்கு வந்தார். இருபத்தோரு வருடத்தில் அவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல் தடவை. சுவரில் "அமைதி காக்கவும்" என்றிருந்த பலகையைப் படித்து, குறை ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து, எக்ஸ்ரே தட்டின் முன்னால் போய் நின்றார்.

"மூச்சை இழுங்க அண்ணி."

இழுத்தார்.

"பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டார். அண்ணி பேசாமல் இருக்கும் அந்தக் கணம் அவ்வளவு அபூர்வமாக இருந்ததால், அக்கா "விடுங்க" என்று சொல்ல அரை நொடி தாமதித்தது உண்மை.

படம் திரையில் வந்தது. நுரையீரல் தெளிவாக இருந்தது. இதயம் அளவாக இருந்தது. ஆனால் இடது தோளை ஒட்டிய காறை எலும்பின் நடுவில் ஒரு முடிச்சு. எப்போதோ உடைந்து, சரியாகச் சேராமல், சற்றே கோணலாக ஒட்டிக்கொண்ட எலும்பு. பதினொன்றாவது வளைவின் எலும்பு. ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறாள்.

"அண்ணி, இது எப்போ?"

நாத்தனார் திரையைப் பார்த்தார். வீட்டில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பெண் போல முகம் சிவந்தது.

"ஓட்டக் கத்துக்கிட்டப்போ. காகிதக் கட்டு மேலதான் விழுந்தேன், ஆனா கட்டு ரொம்பக் கெட்டி."

"உங்க தம்பி, நீங்க கட்டில்லேர்ந்து விழுந்தீங்கன்னுல்ல சொன்னார்?"

"நான்தான் அப்படிச் சொல்லி வெச்சேன். வண்டின்னு சொன்னா விடுவாங்களா? உன் புருஷன் வந்து, பாவம், அக்கா மறுபடி விழுந்துடக் கூடாதுன்னு கட்டிலோட நாலு காலையும் ரம்பத்தால அறுத்துக் குட்டையாக்கிட்டுப் போனான். பத்தொம்பது வருஷமா அந்தக் குள்ளக் கட்டில்லதான் தூங்கறேன். எழுந்திருக்கறதுக்குள்ள முட்டி உயிர் போகுது."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈய ஏப்ரனோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முதலில் முறைத்த நாத்தனார், பிறகு தானும் சிரித்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள், உள்ளே யாருக்கோ சிரிக்கும்படி ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அவன்கிட்ட சொல்லாதே."

"சொல்ல மாட்டேன். ஆனா அண்ணி, ஒரு நல்ல கட்டில் வாங்கிக்கோங்க."

மலைச்சாலை அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அங்கிருந்த எழுத்தரிடம் நாத்தனார் பேச்சைத் தொடங்கினார்.

"முப்பத்தொண்ணாம் தேதி ஏறலாமா?"

"ஏறலாம் மேடம்."

"ஒண்ணாம் தேதி இறங்கலாமா?"

"ஒண்ணு ஒத்தைப்படை. இறங்கக் கூடாது."

"அப்போ ரெண்டாம் தேதி வரைக்கும் மேலயே இருக்கலாம்?"

"ஒரு ராத்திரிக்கு மேல தங்கக் கூடாது மேடம். அஞ்சாவது விதி."

"இறங்கக் கூடாது, தங்கக் கூடாதுன்னா நாங்க என்ன, பறந்து வர்றதா?"

"பறக்கறதுக்குத் தனி பர்மிட் மேடம். அது ரெண்டாவது மாடி," என்றார் எழுத்தர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்று அக்கா முணுமுணுத்தாள். நாத்தனார் நேராக அதிகாரி அறைக்குள் போனார். அதிகாரி விதியை ஒருமுறை படித்தார், நாட்காட்டியைப் பார்த்தார், இன்னொருமுறை படித்தார். பிறகு, "இதுவரைக்கும் யாரும் இதைக் கேக்கலையே" என்றார்.

"இப்போ நாங்க கேக்கறோம்ல."

அவர் பேனாவை எடுத்து, 'இவ்விருவரும் இரண்டு இரவுகள் தங்கலாம்' என்று எழுதத் தொடங்கினார். நாத்தனார் மேஜைமேல் குனிந்தார். "இவ்விருவர்னு எழுதினா நாளைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் நீங்க எழுதிக்கிட்டே இருக்கணும். 'முப்பத்தொன்றாம் தேதி ஏறும் அனைவரும்'னு போட்டுடுங்க. உங்க கை வலிக்காது." அதிகாரிக்கு அந்த அக்கறை பிடித்திருந்தது. அப்படியே எழுதி முத்திரை குத்தினார். மேலே இருக்கும் செக்போஸ்டுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அனுப்ப மறந்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஆறரைக்கு இருவரும் செக்போஸ்டைத் தாண்டினார்கள். அக்கா முன்னால், நாத்தனார் பின்னால். அச்சகத்து வண்டியின் இரு பக்கமும் காகிதம் வைக்கும் தகரப் பெட்டிகள் தொங்கின. அவற்றில் மழைக்கோட்டும் பழமும் ரொட்டியும் அடைத்திருந்தார்கள். மூன்றாவது வளைவில் அக்கா "மணிக்கட்டு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே திரும்பினாள். ஆறாவதில் "முழங்கால் சில்லு". பின்னாலிருந்து எதிரொலி போல நாத்தனாரின் குரல் கேட்டது: "முழங்கால் சில்லு!" ஒன்பதாவதில் எதிரே மண் குவிந்து பாதை பாதியாகக் குறுகியிருந்தது. அக்காவின் வண்டி சரளையில் ஒரு சாண் வழுக்கியது. விலா ஒன்றும் ஆகவில்லை.

பதினொன்றாவது வளைவுக்குச் சற்று முன்பே வண்டிகளை நிறுத்திவிட்டு, நடந்து போய் ஏரியைப் பார்த்தார்கள். ஏரி அழகாகத்தான் இருந்தது. "இதுக்காக ஒரு எலும்பு கொடுக்கலாம்," என்றார் நாத்தனார்.

மேலே தங்கும் விடுதி ஒரு நீளமான கூடம், இருபது கட்டில்கள். முதல் நாள் குளிரிலும் பேச்சிலும் போய்விட்டது. மறுநாள், ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு விடுதி முற்றத்தில் ஒரே கூச்சல். முந்தின நாள் ஏறிய மற்ற பதினொரு பேர் இறங்கக் கிளம்பியிருக்கிறார்கள். செக்போஸ்ட் காவலர், இன்று இறங்கக் கூடாது என்று தடுத்திருக்கிறார். சரி, தங்குகிறோம் என்றதற்கு, தங்கவும் கூடாது, தங்கினால் பர்மிட் ரத்து என்றிருக்கிறார். அதில் ஒரு தாடிக்காரர் ஹெல்மெட்டைத் தரையில் எறிந்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தாளை நீட்டினார். காவலர் படித்தார்.

"இது உங்களுக்குக் கொடுத்ததும்மா."

"படிங்க. 'ஏறும் அனைவரும்.' அனைவரும்னா யார்?"

"எல்லாரும்."

"இவங்க ஏறினாங்களா இல்லையா?"

காவலர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே உதவிக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கீழே போன் போட்டார். மறுமுனையில் யாரோ வெகுநேரம் தேடி, நகல் மேஜையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காவலர் போனை வைத்துவிட்டு, ஏதோ தானே அனுமதி கொடுத்தது போலப் பதினொரு பேரையும் பார்த்துக் கையை வீசினார். தாடிக்காரர் எழுந்து வந்து நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அண்ணிக்கு இடது தோள் வலிக்குமே என்று அக்காவுக்குத்தான் கவலை.

அந்த நாள் முழுக்கச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. போக முடியாது, வர முடியாது, திட்டமிடக்கூட எதுவும் இல்லை. விடுதிக்குப் பின்னால் புல்வெளியை ஒட்டி நேரான மண்சாலை ஒன்று இருந்தது. இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டார்கள். டாக்டர் வண்டியில் நாத்தனார் காற்றாகப் போனார். தகரப் பெட்டிகள் கடகடக்க அக்கா பின்னால் துரத்தினாள். சாலை முடியும் இடத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

"நான் உன்னை ரொம்பத் திருத்திட்டேனோ?" என்று நாத்தனார் திடீரென்று கேட்டார்.

அக்கா மென்றுகொண்டே யோசித்தாள். "மளிகைப் பட்டியல் வரைக்கும் பரவால்ல அண்ணி. எங்கப்பா வேற அச்சகத்துல அடிச்ச கல்யாணப் பத்திரிகையையும் திருத்தி, அதை வந்தவங்க எல்லாருக்கும் காட்டினீங்க பாருங்க."

"அதுல மாப்பிள்ளை பேர்லயே பிழை இருந்துதும்மா."

"இருந்துது. அதுக்காக?"

நாத்தனார் பெரிய துண்டு ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

இரண்டாம் தேதி பனிமூட்டத்தில் இறங்கினார்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாத்தனார் முன்னால் போய், ஒவ்வொரு வளைவுக்கும் முன் இடது கையை உயர்த்திக் காட்டினார். அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு அக்கா பின்னால் போனாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அறையைத் திறந்தபோது வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் வலி. மத்தியானம் வரை படம் எடுத்துவிட்டு, தலைமைச் செவிலியரிடம் போய் அடுத்த மாதக் கடைசியில் மூன்று நாள் விடுப்புக்குத் தாளை நீட்டினாள்.

"என்ன விசேஷம்?" என்று அவர் கேட்டார்.

"நாத்தனாரோட வடக்குப் பக்கம் ஒரு வேலை இருக்கு," என்றாள் அக்கா. "அங்க இருபத்திமூணு வளைவாம்."